அறியாமையும் கடல்கோளும்

கடலைக் காணாத ஊரிலிருந்து கடலைப் பற்றி எழுதத் துணிகிறோம். பூண்டுலோயாவுக்கு நாற்புறமும் மலை, மலையெல்லாம் தேயிலை. நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் கடலைப் படத்தில் கண்டவர்களேயன்றி நேரில் கண்டவர்கள் அல்லர். ஆயினும் கடலுக்கும் நமக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஊரை ஒட்டி ஓடும் ஆறு கொத்மலை ஓயாவைச் சேர்கிறது; கொத்மலை ஓயா மகாவலியைச் சேர்கிறது; மகாவலி திருகோணமலையை அடுத்துக் கடலில் விழுகிறது. தோட்டத்துச் சரிவில் மழை அரிக்கும் செம்மண், வழியிலுள்ள அணைக்கட்டுகள் தடுத்தது போக மீதி, அந்தக் கடலில்தான் படிகிறது. நம் முன்னோரும் அக்கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடுவழியே மாத்தளைக்கு நடந்து, பின் இம்மலைகளில் ஏறியவர்கள். வழியில் மாண்டவர்களுக்குக் கல்லறை இல்லை. பெயர்ப் பதிவும் இல்லை.

இவ்வளவும் சொல்லக் காரணம் வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி. மணிமேகலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். சோழ மன்னன், கப்பல் உடைந்து காணாமற்போன தன் குழந்தையைத் தேடித் தவித்து, இந்திர விழாவை எடுக்க மறந்தான். அதனால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது. சொல்லி முடித்ததும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “அப்படின்னா சேர், 2004இல செத்தவங்க எந்தத் திருவிழாவ மறந்தாங்க?” என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அவள் சிரிக்கவில்லை. “இல்ல சேர், தெரிஞ்சிருந்தா ஓடியிருப்பாங்கதானே? தெரியாமப் போனது யார் தப்பு?” என்று மறுபடியும் கேட்டாள். மணி அடித்துவிட்டது. அன்று அவளுக்கு விடை சொல்ல நம்மால் முடியவில்லை. அறியாமை குற்றமா, குற்றமென்றால் யாருடைய குற்றம் என்ற அவளுடைய கேள்வியை இப்பக்கங்களில் ஆராய முயல்கிறோம்.

பழையவர்கள் இக்கேள்விக்குத் தெளிவான விடை வைத்திருந்தார்கள். தமிழில் மணிமேகலை சொல்வது போலவே, சிங்கள மக்களின் மரபும் ஒரு கடல்கோளைச் சொல்கிறது. களனியை ஆண்ட தீசன் என்னும் அரசன் தன் தம்பியின் மீது ஐயங்கொண்டு, குற்றமற்ற பிக்கு ஒருவரைக் கொல்வித்தான், கடற்றேவதைகள் சினந்தன, கடல் நாட்டுக்குள் புகுந்தது, அதைத் தணிக்க அரசன் தன் மகளைப் பாத்திரம் ஒன்றில் ஏற்றிக் கடலில் விட்டான். அவளே பின்னாளில் துட்டகைமுனுவின் தாயான விகாரமகாதேவி. அவள் கரையேறிய இடம் தென்கிழக்கிலுள்ள கிரிந்த என்று மக்கள் காட்டுகிறார்கள். மொழி வேறு, சமயச் சூழல் வேறு. ஆனால் நியாயம் ஒன்றே. குற்றம் அரண்மனையில்; தண்டனை கடற்கரைக் குப்பத்தில். விழாவை மறந்தவன் மன்னன். மூழ்கியவர்கள் வலைஞரும் உமணரும் கூலிகளும். மன்னனுடைய துயரத்தைப் பாடிய காவியம் மூழ்கியவர்களின் பெயரைச் சொல்லவில்லை.

எனினும் இக்கதைகளை மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. மக்களுக்கு நேரும் பேரழிவுக்கு ஆள்பவனே பொறுப்பு என்ற எண்ணமாவது அவற்றில் இருக்கிறது. பிற்காலத்தார் அந்தப் பொறுப்பையும் இறக்கி வைத்து, இறந்தவர்களின் முன்வினை என்று முடித்துவிட்டனர். 2004க்குப் பிறகும் அப்படிப் பேசியவர்கள் உண்டு. இன்னொரு கூட்டத்தாரும் உண்டு: கடல் கொண்ட தமிழ்நிலத்தின் பரப்பைக் காதம் காதமாக அளந்து பெருமைப்படுவார்கள், அந்நிலத்தில் வாழ்ந்து மூழ்கிய மனிதரைப் பற்றி ஒரு வரியும் நினைக்கமாட்டார்கள்.

ஐரோப்பாவும் இக்கேள்வியைக் கேட்டதுண்டு. 1755 நவம்பர் முதலாம் நாள் போர்த்துக்கலின் லிஸ்பன் நகரை நிலநடுக்கமும் தீயும் கடலலையும் அழித்தன. அன்று புனிதர் அனைவரின் திருநாள். மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்தனர். பாவத்தின் சம்பளம் என்றனர் சில குருமார். எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தை வோல்தேர் எள்ளி நகையாடினார். ரூசோ அவருக்கு எழுதிய கடிதத்தில் வேறொரு வழியைக் காட்டினார்: ஆறேழு மாடி உயரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையன்று என்றார். கடவுளை விட்டு வீட்டின் சுவரைப் பார்க்கச் சொன்ன அந்த இடத்தில்தான் நவீன சிந்தனை தொடங்குகிறது எனலாம்.

நாம் மண்ணைப் பார்ப்போம். அம்பாந்தோட்டை நகரின் அருகே கரகன் லேவாய என்றொரு களப்பு இருக்கிறது. களப்பு என்பது மணல்மேட்டால் கடலிலிருந்து பிரிக்கப்பட்ட உவர்நீர்த் தேக்கம். களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் அந்நகரின் ஞாயிறுச் சந்தை கூடும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காய்கறியும் கருவாடும் விற்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், மலாயர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று சந்தை நிறைந்திருந்த வேளையில் அலை வந்தது. மனிதரையும் வண்டிகளையும் கடைகளையும் அள்ளிக் களப்புக்குள் எறிந்தது.

பின்னர் அந்தக் களப்பின் அடியில் மியாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி ஜாக்சனும் அவருடன் உழைத்தவர்களும் நீண்ட குழாய்களைச் செலுத்தி மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். அமைதியான களப்பின் அடியில் ஆண்டுக்காண்டு படிவது மென்மையான கருஞ்சேறு. அந்தச் சேற்றின் இடையிடையே, அதற்குச் சற்றும் பொருந்தாத மணற்படுகைகள் குறுக்கிட்டன. களப்பின் சொந்த மணல் அன்று அது; கடலும் கடற்கரையும் தந்த மணல். 2014இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ 7000 ஆண்டுகளின் கடல்கோள் வரலாறு அச்சேற்றில் அடுக்கடுக்காக இருக்கிறது.

ஒரு மணற்படுகையைக் கண்டதும் கடல்கோள் என்று எப்படிச் சொல்வது? புயலும் மணலைக் கொண்டுவரும் அல்லவா? நியாயமான ஐயம். நம் முதியவர்கள் ஏறிவந்த தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் அழித்தது புயல். பயணிகளோடு ஒரு ரயிலையே அது விழுங்கியது. புயலின் அலைகள் குறுகியவை. பல மணி நேரம் திரும்பத் திரும்ப அடிப்பவை. அவை கொணரும் மணல் பெரும்பாலும் கரையோரத்திலேயே தடித்துக் குவியும். கடல்கோளின் அலையோ நீளமானது. ஓர் ஆறு தலைகீழாக ஓடுவது போல நெடுந்தூரம் உள்ளே சென்று, பரந்த மெல்லிய விரிப்பாக மணலைப் பரப்பிவிட்டு மீளும். போகிற போக்கில் அடியிலுள்ள சேற்றைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து மணலோடு கலந்துவிடும். நீர் ஓய ஓய முதலில் பருமணலும் மேலே நுண்மணலும் படியும். கடலில் மட்டும் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் அதிற் கிடக்கும். இத்தனையும் ஒத்துவந்த பின்னரே ஆய்வாளர் வாய் திறப்பர். அவர்களிடம் ஓர் உரைகல்லும் இருந்தது: 2004ஆம் ஆண்டின் அலை அதே களப்பில் விட்டுச் சென்ற மணல். எது கொணர்ந்த மணல் என்பதில் ஐயமே இல்லாத அந்தப் படுகையோடு பழைய படுகைகளை ஒப்பிட்டார்கள்.

காலம் எப்படித் தெரியும்? உயிருள்ள பொருள் அனைத்திலும் சிறிதளவு கதிரியக்கக் கரி இருக்கிறது. உயிர் போனபின் அது சீராகக் குறைந்துகொண்டே வந்து, 5730 ஆண்டுகளில் பாதியாகிறது. மணலுக்கு மேலும் கீழும் உள்ள சேற்றில் அகப்பட்ட இலை, விதை, கிளிஞ்சில் இவற்றின் கரியை அளந்தால், அலை வந்த காலத்துக்கு ஒரு மேலெல்லையும் கீழெல்லையும் கிடைக்கும். ஆண்டு தெரியாது, நாள் தெரியாது, நூற்றாண்டு தெரியும்.

கரகன் மட்டும் தனித்துச் சொல்லவில்லை. தாய்லாந்தின் பிரா தோங் தீவில் புற்காட்டுச் சேற்றின் கீழ், 2004 மணலுக்கு அடியில் 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மணல் விரிப்பையும் அதற்கும் கீழே இன்னும் சிலவற்றையும் கண்டார்கள். சுமாத்திராவின் அச்சே கரையிலும் பதினான்காம் நூற்றாண்டை ஒட்டிய மணல் கிடைத்தது. இவ்விரு முடிவுகளும் 2008இல் வெளியாயின. அச்சேயில் கடலோரக் குகை ஒன்றில், அலை உள்ளே எறிந்த மணலையும் இடைக்காலத்தில் வௌவால்கள் இட்ட எச்சத்தையும் மாறி மாறிக் கண்டு 2017இல் எழுதினார்கள். சாம்ராச்சியங்கள் பல தோன்றி மறைந்த அத்தனை காலமும் அந்த வௌவால்கள் ஓயாமல் நாட்குறிப்பு எழுதியிருக்கின்றன! நம் தமிழகத்தில் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்திலும், 2004 அலை மணலை அரித்தபின் வெளிப்பட்ட கல்வெட்டுகளைத் தொடர்ந்து தொல்லியல் துறை தோண்டியபோது முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. அதன் அடியில் இருந்த பழைய செங்கற் கோயில் கடலலையால் அழிந்திருக்கலாம் என அகழ்ந்தவர்கள் கருதினர். இவற்றையெல்லாம் உடனே மணிமேகலையோடும் விகாரமகாதேவியோடும் முடிச்சுப் போட்டுவிடும் ஆசை நமக்கு வேண்டாம். கதைக்குக் கதையின் நியாயம். மணலுக்கு மணலின் நியாயம்.

மணல் சொல்லும் செய்தியில் இரண்டு கவனிக்கத்தக்கவை. ஒன்று, 2004 ஓர் அதிசயமன்று; அதற்கு முன்பும் வந்திருக்கிறது. மற்றொன்று, அதன் வருகைக்குத் தாளக்கட்டு இல்லை. கரகனின் படுகைகளுக்கிடையே சில சமயம் 200 ஆண்டுகூட இல்லை. சில சமயம் 1000 ஆண்டு கடந்திருக்கிறது. மாணவியின் முதற் கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. மன்னன் விழா எடுத்த காலத்திலும் அலை வந்தது. எடுக்காத காலத்திலும் வந்தது. மன்னர்களே இல்லாத காலத்திலும் வந்தது. இறந்தவர்கள் எந்த விழாவையும் மறக்கவில்லை. அவர்கள் குற்றமற்றவர்கள். இதை விஞ்ஞானம் நிறுவியிருக்கிறது என்பதைச் சொல்லும்போது நமக்கு ஏனோ தொண்டை அடைக்கிறது.

நிற்க. இரண்டாம் கேள்விக்கு வருவோம்.

அன்று காலை இலங்கை நேரப்படி 7 மணிக்கு ஒரு நிமிடம் முன்னதாகச் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடி பிளந்தது. அலை நம் கிழக்குக் கரையை எட்ட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரத்தில் ஒரு கிழவி கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு மூன்று மைல் நடக்கலாம். தப்புவதற்கு அரை மைல் போதுமாக இருந்த இடங்கள் பல. கிழக்கே அலை அடித்த பிறகும் தெற்கே சொல்ல ஆளில்லை. கொழும்பிலிருந்து சென்ற ரயில் பெரலியவில் நின்றது. முதல் அலைக்கு அஞ்சிய ஊர்மக்கள் ரயிலை உறுதியான புகலிடம் என்று நம்பி ஏறினார்கள். அடுத்து வந்த பேரலை ரயிலோடு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. நாடு முழுவதும் இறந்தோர் முப்பதாயிரத்துக்கு மேல்.

இதே நாளில், நிலநடுக்கத்தின் வாயிலேயே இருந்த சிமெலு என்ற தீவில் நடந்ததைப் பாருங்கள். அங்கு மக்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரமன்று, சில நிமிடங்களே. தீவின் மக்கள் சுமார் 78,000 பேர். இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் அத்தீவை ஓர் அலை அழித்தது. அதை அவர்கள் ஸ்மோங் என்ற ஒரு சொல்லாக்கி, பாட்டிகள் தாலாட்டிலும் கதையிலும் பேரருக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு. பல்கலைக்கழகமோ கருவியோ அங்கே இல்லை. அறிவு எல்லாருடைய வாயிலும் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே, அன்று நமக்கு நேர்ந்ததை எவராலும் அறிந்திருக்க முடியாத ஒன்று எனச் சொல்வதற்கில்லை. பசிபிக் சமுத்திரத்தில் எச்சரிக்கை நிலையம் 1949இலேயே ஏற்பட்டுவிட்டது. அதன் கரைகளில் அமெரிக்காவும் ஜப்பானும் இருந்தன. இந்து சமுத்திரத்தின் கரைகளிலோ பெரும்பாலும் நேற்றுவரை அடிமைப்பட்டிருந்த ஏழை நாடுகள். இங்கே அலை அபூர்வம், செலவு வீண் என்று கணக்கிடப்பட்டது. அந்தக் கணக்கும் முழு உண்மையன்று. 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இலங்கைக் கரையையும் தொட்டது. கிழக்கே பாணமையில் ஒரு பெண்ணை அது கொன்றதாகப் பதிவே இருக்கிறது. ஒரே ஒரு பெண், அதுவும் ஏழை. அரசாங்கங்களின் நினைவில் தங்குவதற்கு அது போதவில்லை போலும்.

அறியாமை ஒரேவகைப்பட்டதன்று. காலிக் கோட்டைக்கு வெளியே பழம் விற்றவன் சேற்றில் உள்ள மணலை அறியாதது ஒரு வகை. அவன் அறிய வழியே இல்லை. ஒரு நாட்டின் ஆட்சி, பார்த்தால் தெரிந்திருக்கக் கூடியதைப் பார்க்காமல் இருப்பது வேறு வகை. இரண்டையும் ‘தெரியாது’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். தமிழில் மட்டுமன்று, எல்லா மொழிகளிலும் இந்த வசதி ஆள்பவர்களுக்கு உதவியிருக்கிறது.

இனி, தெரிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு ஜப்பான் சாட்சி. கி.பி. 869இல் அந்நாட்டின் வடகிழக்குக் கரையில் பெரும் கடல்கோள் நேர்ந்ததாக அரசவைக் குறிப்பு ஒன்று உண்டு. நெடுங்காலம் அது மிகைக்கூற்று என்றே எண்ணப்பட்டது. செண்டாய் சமவெளியின் நெல்வயல்களைத் தோண்டிய ஆய்வாளர்கள் மண்ணுக்குள் அந்த அலையின் மணலைக் கண்டார்கள். கரையிலிருந்து மைல் கணக்கில் உள்ளே அது பரந்து கிடந்தது. அக்கரையில்தான் புகுஷிமா அணுமின் நிலையம் இருந்தது. 2009இல் அதன் பாதுகாப்பை ஆராய்ந்த அரசாங்கக் குழுவில் ஒகமுரா என்ற புவிச்சரிதவியலாளர், இந்தப் பழைய அலையை ஏன் கணக்கிற் கொள்ளவில்லை என்று கேட்டார். அதற்கு முந்திய ஆண்டே, 15 மீட்டருக்கு மேற்பட்ட அலையும் வரக்கூடும் என்று மின்சாரக் கம்பெனிக்குள் ஒரு கணக்குப் போடப்பட்டிருந்தது. சுவர் எழுப்புவதற்குப் பணம் ஆகும்; மேலும் ஆராய்வோம் என்று காகிதம் மேசையில் தங்கியது. 2011 மார்ச் 11இல் அலை வந்தது. கம்பெனியின் முன்னாள் அதிகாரிகள் மூவர் மீது குற்றவியல் வழக்கு நடந்தது. முன்னறிந்திருக்கக் கூடியது என்று கொள்ள இயலாது எனத் தீர்ப்பாகி 2019இல் விடுதலை பெற்றார்கள். 2025இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டத்தின் அளவுகோல் அது. மண்ணுக்குள் ஆயிரத்து நூறு ஆண்டு கிடந்த மணலைக் கண்டும் போதாது என்றால், எவ்வளவு கண்டால் ஒருவன் அறிந்தவனாவான் என்று ஒழுக்கநெறி கேட்கத்தான் செய்யும்.

இங்கு நம் நண்பர்கள் சிலர் ஒரு தடையை எழுப்புவார்கள். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒன்றுக்காக இன்றைய மனிதனின் பிழைப்பைக் கெடுப்பதா? மீனவன் கடலோரத்தில் வாழாமல் மலையுச்சியில் வாழ்வானா? இத்தடை அற்பமானதன்று. நாம் அதை வெகுநாள் எண்ணிப் பார்த்திருக்கிறோம். முப்பது தலைமுறைக்குப் பின் பிறக்கப் போகிறவனுக்கு நாம் கடமைப்பட்டவர்களா என்றால், ஆம் என்றே சொல்லவேண்டும். ஆனால் அக்கடமையின் செலவை யார் தருவது என்பதை அதோடு சேர்த்துத் தீர்க்காவிட்டால், அந்த ‘ஆம்’ ஏழையின் முதுகில் ஏறிக்கொள்ளும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2004க்குப் பின் இலங்கையில் கரையிலிருந்து தெற்கே 100 மீட்டரும் வடக்கு கிழக்கில் 200 மீட்டரும் வீடு கட்டக்கூடாத வலயமாக அறிவிக்கப்பட்டன. காரணம் பாதுகாப்பு. ஓலைக்குடிசை இழந்தவன் அதே இடத்தில் மீண்டும் குடிசை போட முடியவில்லை. உல்லாச விடுதிகளுக்கோ விலக்குகள் கிடைத்தன. அலைக்கு மீனவனையும் உல்லாசப் பயணியையும் பிரித்தறியத் தெரியுமா? பலத்த எதிர்ப்புக்குப் பின் அவ்விதி தளர்த்தப்பட்டது. மண்ணைத் தோண்டிய விஞ்ஞானி இதற்குப் பொறுப்பல்லன். எனினும் ஆபத்தைப் பற்றிய அறிவு, கடற்கரையை யாரிடமிருந்து யாருக்கு மாற்றுவது என்ற வியாபாரத்துக்குக் கருவியாகலாம் என்பதை அக்காலம் காட்டிவிட்டது. உண்மையைக் கண்டறிவதோடு வேலை முடிந்தது என்று எண்ணும் படித்தவர்கள் இதைச் சற்றே யோசிப்பது நலம்.

கடற்கரையை விட்டு நம் மலைக்குத் திரும்புவோம். கடலின் மணலைப் போலவே மலைச் சரிவும் தன் வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. பழைய மண்சரிவு ஒன்று இறங்கிய இடம், கல்லும் மண்ணும் ஒழுங்கின்றிக் கலந்த குவியலாகவும், சரிவின் தலையில் பிறை வடிவப் பள்ளமாகவும், வளைந்து நிமிர்ந்த மரமாகவும் தெரியும். ஒருமுறை இறங்கிய மண் மறுமுறையும் இறங்கக்கூடும். பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தில் அப்படிப்பட்ட சரிவின் கீழே லயங்கள் இருந்தன. 2014 அக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடிற்று. மண்ணுக்குள் போனவர்களில் பலருடைய உடல்கள் மீட்கப்படவே இல்லை. கரகன் களப்பின் மணலைப் பற்றிய ஆய்வு வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.

மீரியபெத்தையில் ‘தெரியாது’ என்று எவரும் சொல்ல முடியவில்லை. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எனவே விபத்துக்குப் பின் புதியதொரு வாசகம் பிறந்தது: “சொன்னோம்; அவர்கள் போகவில்லை.”

இவ்வாசகத்தை உரைத்துப் பார்க்கவேண்டும். தோட்டத் தொழிலாளி வாழும் லயம் அவனுடையதன்று. லயம் நிற்கும் நிலமும் அவனுடையதன்று. அவன் பாட்டன் கட்டிய சுவருமன்று அது. நூறு ஆண்டுகளுக்கு முன் கம்பெனி தனக்கு வசதியான இடத்தில், கொழுந்துமலைக்கும் தொழிற்சாலைக்கும் கிட்ட, எழுப்பிய சுவர். அதை விட்டுப் போ என்றால் எங்கே போவது? வேறிடத்தில் ஒரு முழம் நிலம் இல்லை. தோட்டத்தை விட்டு வெளியேறினால் வேலை இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. 200 ஆண்டுகள் இம்மலையை விளைய வைத்த சமூகத்துக்கு, குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி தருவதே பெரிய சாதனையாக மேடைகளில் பேசப்படுகிறது. இந்நிலையில் ஆபத்து என்று ஒரு தாளைக் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது, நீந்தத் தெரியாதவனிடம் ஆற்றின் ஆழத்தைச் சொல்லிவிட்டுப் பாலத்தை உடைப்பது போன்றது. கேட்டவனுக்குச் செய்ய வழியுண்டு என்ற நிலையில்தான் ‘சொன்னோம்’ என்பது சொன்னவனின் பொறுப்பைக் குறைக்கும். வழியில்லாதவனிடம் சொல்லும்போது, கேட்டவனுக்குப் பயம் கூடுகிறது; சொன்னவனுக்குக் கோப்பு நிறைகிறது.

சிமெலுவை இதனோடு வைத்துப் பாருங்கள். அங்கே ஸ்மோங் என்ற சொல் மக்களைக் காத்தது மெய். ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் ஓடுவதற்கு அருகே மேடு இருந்தது. மேட்டில் ஏறுவதை எவரும் தடுக்கவில்லை. நினைவு மட்டும் காத்ததாகப் பாராட்டும் கட்டுரைகளைப் பார்க்கும்போது, அந்த மேட்டையும் கொஞ்சம் பாராட்டக்கூடாதா என்று நமக்குத் தோன்றும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் சரிவுகளைப் பல இடங்களில் இடித்துத் தள்ளியது. அந்த இரவுகளை நாம் இங்கு விவரிக்கப் போவதில்லை. அவற்றில் விழித்திருந்தவர்களே இதைப் படிப்பவர்களில் பலராக இருப்பீர்கள். அதன் பிறகு வகுப்பில் பாடத்திட்டத்துக்குப் புறம்பான ஒரு வேலையைச் செய்தோம். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்துள்ள அளவுகளைக் கரும்பலகையில் எழுதினோம்: 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாயிரு; 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாகு; 150ஐத் தாண்டினால் வெளியேறு. நேரான போத்தலின் கழுத்தை வெட்டி, பக்கத்தில் அளவுகோலை ஒட்டினால் மழையை அளக்கலாம் என்று காட்டினோம். சுவரின் வெடிப்பு அகலமாகிறதா, ஊற்றுநீர் திடீரெனக் கலங்குகிறதா, கதவு சட்டத்தில் இறுகுகிறதா என்று பார்க்கச் சொன்னோம். பிள்ளைகள் ஆர்வமாகச் செய்தார்கள். சிலர் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள், அதுவும் இயல்பே.

மணிமேகலை வகுப்பில் கேள்வி கேட்ட மாணவி விடவில்லை. சில மாதங்கள் கழித்துத் தன் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு, அம்மா பிரட்டுக்குப் புறப்படும் முன் அளந்தது. தேதி, மழை, வெடிப்பின் அகலம் என்று கோடு போட்டுப் பத்தி பிரித்திருந்தாள். ஒரு நாள் 62. ஒரு நாள் 8. பல நாள் ஒன்றுமில்லை. ஒரு நாளுக்கு நேரே 112 என்று இருந்தது. கடைசிப் பத்திக்கு ‘போகவேண்டிய இடம்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தாள். அந்த 112க்கு நேரே முதலில் ‘கோயில்’ என்று எழுதி, பின் அடித்திருந்தாள். ஏனென்று கேட்டோம்.

“கோயிலும் எங்க லயத்துக்குக் கீழதான் சேர் இருக்கு” என்றாள்.